மஞ்சள் கொடியோடு ஓப்புவாவுக்கு: சொந்தப் பாய்மரப் படகில் நியூசிலாந்துக்குள் நுழைய

ஃபிஜியிலிருந்து நியூசிலாந்தின் வடகோடிக்கு ஏறத்தாழ 1,100 கடல் மைல். 12 மீட்டர் பாய்மரப் படகுக்கு எட்டு முதல் பத்து நாள் பயணம். நவம்பரில் புயல் பருவம் தொடங்கிவிடும் என்பதால், தென் பசிபிக்கில் சுற்றிக்கொண்டிருக்கும் படகுகள் பலவும் அக்டோபர், நவம்பரில் தெற்கே இறங்கிவிடும். அவற்றில் கணிசமானவை முதலில் கட்டும் இடம் பே ஆஃப் ஐலண்ட்ஸ் விரிகுடாவுக்குள் இருக்கும் ஓப்புவா என்ற சிறிய ஊர்.

கஸ்டம்ஸ் என்றதும் பெட்டியைக் கிளறும் அதிகாரிதான் எல்லார் மனதிலும் வருவார். நியூசிலாந்தில் அவர் இரண்டாவது ஆள். முதல் ஆள் முதன்மைத் தொழில்கள் அமைச்சகத்தின் உயிரியல் பாதுகாப்பு அலுவலர்; படகோட்டிகள் வாயில் சுருக்கமாக ‘எம்.பி.ஐ.’. ஒரு விஸ்கி பாட்டில் கூடுதலாக இருந்தால் வரியோடு போகும். சுக்கானுக்கு மேலே உள்ள இடுக்கில் சிப்பி ஒட்டியிருந்தால் படகையே நாட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். அதனால் ஓப்புவாவில் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய காரியத்துக்கு ஃபிஜியில் ஒரு மாதம் முன்னாடியே வேலை தொடங்குகிறது.

அடிப்பாகம்தான் உங்கள் முதல் பாஸ்போர்ட்

2018 மே 15 முதல் நியூசிலாந்துக்கு வரும் எந்தப் படகின் அடிப்பாகமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். 21 நாளோ அதற்கு மேலோ தங்கும் படகுக்கு விதி கறாரானது. வழவழப்பான மெல்லிய பாசிப் படலம் இருக்கலாம். நடுக்கடலில் வந்து ஒட்டும், காம்போடு தொங்கும் வாத்துக் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிரி) இருக்கலாம். அவ்வளவுதான். கூம்பு வடிவச் சாதாரணக் கொட்டலசு, சிப்பி, குழாய்ப்புழு, கடற்பஞ்சு, நீளமான பாசி எதுவும் கூடாது. புயல் பருவத்தைக் கழிக்க வருபவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள் என்பதால் இந்தக் கறாரான விதிதான் பொருந்தும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. மத்தியதரைக் கடலைச் சேர்ந்த விசிறிப்புழு 2008-இல் லிட்டில்டன் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஆக்லாந்திலும் வேர்விட்டது. 2021-இல் கிரேட் பேரியர் தீவில் வெளிநாட்டுக் கௌலர்ப்பா பாசி, 2023-இல் அதே பாசி பே ஆஃப் ஐலண்ட்ஸிலேயே. இவை ஒரு முறை கடலடியில் பரவிவிட்டால் எடுக்க வழி இல்லை. அந்த ஊர் மீன்பிடியும் சிப்பிப் பண்ணைகளும் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

விதியை நிறைவேற்ற மூன்று வழி: வந்து சேரும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்திருப்பது, கடலுயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் காலாவதியாகாமல், ஒழுங்காகப் பராமரித்து வருவதைச் சான்றோடு காட்டுவது, அல்லது வந்த 24 மணி நேரத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட படகுப் பழுதுபார்ப்பு யார்டில் கரையேற்ற முன்பதிவு செய்திருப்பது. மூன்றாவது வழி சுலபம்போலத் தெரியும். அக்டோபர் கடைசியில் எல்லாப் படகும் ஒரே வாரத்தில் வந்து குவியும்போது கிரேனில் இடம் கிடைக்காது. நம்பிப் போகக் கூடாது.

முதல் வழியில்தான் நிறையப் பேர் கணக்குத் தவறுகிறார்கள். 30 நாள் என்பது கிளம்பும் நாளைக் கொண்டு எண்ணுவதல்ல, *வந்து சேரும்* நாளைக் கொண்டு எண்ணுவது. பயணத்துக்குப் பத்து நாள் போய்விட்டால் மிச்சம் 20. சாதகமான காற்றுக்காக ஃபிஜியில் இரண்டு வாரம் காத்திருப்பது சர்வசாதாரணம். ஆக, கையில் இருப்பது ஆறே நாள். மேலும், படகு நிறுத்தும் மரீனாவின் சூடான தண்ணீரில் இரண்டு வாரம் அசையாமல் நின்றால் சுரண்டிய இடத்திலேயே புதுக் கொட்டலசு கடுகு அளவில் முளைத்திருக்கும். ஃபிஜியின் வூடா, டெனராவ் மரீனாக்களில் கரையேற்றும் வசதி உண்டு. அங்கே தூக்கி, உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவி, பில் வாங்கிக்கொள்வது ஒன்று. வானிலை கூடி வருவது தெரிந்ததும், கிளம்ப இரண்டு மூன்று நாள் முன்பு நீங்களே முகமூடி மாட்டிக் குதித்து மறுபடி ஒரு தடவை தடவிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

தட்டையான பக்கங்களை யாரும் அழுக்காக விடுவதில்லை. மாட்டுவது எப்போதும் இடுக்குகளில்:

– கீலின், அதாவது படகுக்கு அடியில் நீளும் கனமான தகட்டின், அடிப்பரப்பு. கரையேற்றியபோது கட்டைமேல் உட்கார்ந்திருந்ததால் அங்கே பெயின்ட் படவே படாது. முதலில் கொட்டலசு பிடிக்கும் இடம் அது.
– சுக்கானுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள விரலளவு சந்து. பழைய பல்துலக்கியும் வளைந்த கம்பியும் இல்லாமல் அது வராது.
– புரொப்பெல்லர், தண்டு, துத்தநாகக் கட்டிகளின் பின்பக்கம்.
– கடல்நீர் உள்ளே வரும் துளைகள். முன்னே பக்கவாட்டு புரொப்பெல்லர் இருந்தால் அந்தக் குழாயின் உள்சுவர்.
– ஆழமானியின் குமிழ், நீச்சல் ஏணியின் கீழ்ப்படிகள், தண்ணீர்க் கோட்டை ஒட்டிய விளிம்பு.
– கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சிறு படகான டிங்கியின் அடி. மேல்தளத்தில் கவிழ்த்துக் கட்டியிருப்பதால் அதை மறந்தே போவார்கள்.

செய்த வேலைக்குச் சாட்சி வேண்டும். ‘நேற்றுதான் சுத்தம் பண்ணினோம்’ என்ற வாய்மொழிக்கு மதிப்பில்லை. முதல் படத்தில் படகின் பெயர் தெரிய வேண்டும். அதன் பிறகு மேலே சொன்ன ஒவ்வொரு இடுக்குக்கும் ஒரு கிட்டப்படம், தேதி பதிவோடு. கலங்கல் தண்ணீரில் ஒரு கை தூரத்திலிருந்து எடுத்தால் பச்சைப் புகைதான் விழும். ஒரு சாண் தூரத்தில் டார்ச் அடித்து எடுங்கள். யார்டின் பில், ஆன்டிஃபவுலிங் பெயின்டின் பெயர், எத்தனை பூச்சு, அடித்த தேதி, கடைசியாகச் சுத்தம் செய்த தேதிகள் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, கிளம்புமுன் எம்.பி.ஐ.க்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படத்தைப் பார்த்து அவர்கள் ஒரு குறை சொன்னால் ஃபிஜியிலேயே சரிசெய்யலாம். ஓப்புவாவில் சொன்னால் முடியாது. வெளிநாட்டு அழுக்கை நியூசிலாந்துத் தண்ணீருக்குள் சுரண்டி விட அனுமதி கிடையாது. கரையேற்றும் செலவு முழுக்க உங்கள் தலையில்தான்.

48 மணி நேர அறிவிப்பு

வந்து சேர்வதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு சுங்கத்துறைக்கு வருகை அறிவிப்பு போயிருக்க வேண்டும். சிறு படகுகளுக்கென்றே தனிப் படிவம் சுங்கத்துறையின் இணையதளத்தில் கிடைக்கிறது. படகின் பெயர், பதிவு நாடு, நீளம், முந்தைய துறைமுகங்கள், படகில் இருக்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரம், எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, எத்தனை மணி எல்லாம் கேட்கும். 48 மணி நேரம் என்பது கடைசி எல்லை. செயற்கைக்கோள் இணையம் பழுதாவது நடுக்கடலில்தான். கரையில் வைஃபை இருக்கும்போதே அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்த பிறகு கயிற்றை அவிழ்ப்பதுதான் புத்தி. வழியில் தாமதமானால் புது நேரத்தை மட்டும் ஒரு வரியில் அனுப்பினால் போதும்.

வரும் நேரத்தை எழுதும்போது ஒரு சின்னப் பொறி இருக்கிறது. நியூசிலாந்தில் செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். ஃபிஜி அப்படிச் செய்வதில்லை. எனவே நவம்பரில் ஃபிஜி கடிகாரத்தில் காலை 8 என்றால் ஓப்புவாவில் 9. டோங்காவிலிருந்து வந்தால் வித்தியாசமே இல்லை. நியூ கலடோனியாவிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரம். படிவத்தில் நியூசிலாந்து நேரத்தையே எழுதி, அது நியூசிலாந்து நேரம் என்று பக்கத்தில் குறித்தும் விடுங்கள்.

படிவத்தில் எழுதிய துறைமுகத்துக்கே போக வேண்டும். முதல் வருகைக்கு அங்கீகரிக்கப்பட்ட இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஓப்புவா, வங்காரெய் அருகே மார்ஸ்டன் கோவ், ஆக்லாந்து, டவ்ரங்கா, நெல்சன் என்று அது நீளும். வழியில் ஒரு அழகான குடா கண்ணில் பட்டது, ஒரு இரவு நங்கூரம் போட்டுத் தூங்கிவிட்டு வருவோம் என்பது குற்றம். புயலோ உடைப்போ உடம்புக்கு முடியாமையோ காரணமாக ஒதுங்கியே ஆகவேண்டும் என்றால் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் கடல் வானொலிச் சேவையான மெரிடைம் ரேடியோவைக் கூப்பிட்டு அந்த நிமிடமே சொல்லுங்கள்; யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது, வேறு படகோடு ஒட்டக் கூடாது. சொல்லிவிட்டு ஒதுங்கியவரையும் சொல்லாமல் ஒதுங்கியவரையும் அவர்கள் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

காகிதங்கள்

கடைசித் துறைமுகத்தின் வெளியேற்றச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஃபிஜியில் சுங்கமும் குடியேற்றமும் முடித்து அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகு, இன்னும் இரண்டு தீவு பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிற்கக் கூடாது. சான்றிதழில் உள்ள தேதிக்கும் நீங்கள் வந்து சேர்ந்த தேதிக்கும் இடைவெளி இருபது நாளாக இருந்தால், நடுவில் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி நியாயமாகவே வரும்.

ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்: அந்தச் சான்றிதழ், படகின் பதிவுச் சான்றிதழின் அசல், எல்லாப் பாஸ்போர்ட்டுகள், பெயர்ப் பட்டியல் நான்கைந்து பிரதி, காப்பீட்டுத் தாள், வி.எச்.எஃப். உரிமம், அடிப்பாகக் கோப்பின் அச்சுப் பிரதி. படகு கேப்டனின் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம்.

விசா விஷயத்தில் தமிழர்களிலும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு நியாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே விசா எடுத்திருக்க வேண்டும்; துறையில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுகள் விசா விலக்குப் பட்டியலில் உள்ளன. நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் உத்தேசத் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். படகிலேயே திரும்பிப் போகிறவருக்குப் படகுதான் திரும்பும் டிக்கெட். ஓப்புவாவோடு இறங்கிக்கொள்ளப்போகும் நண்பர்தான் சிக்கல்: அவருக்கு நாட்டை விட்டு வெளியேறும் விமான டிக்கெட் கையில் இருக்கட்டும்.

சமையலறையைக் காலி செய்வது

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடுங்கிக்கொண்டு போவது எல்லாருக்கும் நடப்பதுதான். அலுவலர் வருவார், பெரிய பையை விரிப்பார், அலமாரி ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். பழம், காய்கறி, கீரை, முட்டை, இறைச்சி, தேன் போகும். தேன் விஷயத்தில் பேச்சுவார்த்தையே கிடையாது: பாட்டில் தேனோ, பிஸ்கட்டின் நடுவில் இருக்கும் தேனோ, தேனீ வளர்ப்பே அந்த நாட்டின் பெரிய தொழில் என்பதால் எல்லாம் சொல்லியாக வேண்டும். பால் பொருள்களை எந்த நாட்டில் செய்தது என்று லேபிளைப் பார்த்து முடிவு செய்வார்கள். முளைக்கக்கூடிய விதை எதுவும் சந்தேகத்துக்குரியது. பொரிக்காத பாப்கார்ன் சோளத்தை அநேகம் பேர் தின்பண்டம் என்றே நினைத்து மறந்துவிடுவார்கள், அதுவும் விதைதான்.

நம் சமையல் நடக்கும் படகில் இந்தக் கணக்கு இன்னும் நீளும். கறிவேப்பிலைக் கொத்து, இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை பச்சைப் பொருள்கள். அவற்றைக் கடைசி ரசத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். முழு மல்லி, வெந்தயம், கடுகு, பச்சைப் பயறு, கொட்டை எடுக்காத புளி, ஊறுகாய், கருவாடு, நெய் எல்லாம் படிவத்தில் ஏற வேண்டும். விடுவதா எடுப்பதா என்பதை அலுவலர் பார்த்துக்கொள்வார். பாக்கெட் பிரிக்காமல், லேபிளோடு இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிவைத்த பருப்பு எந்த நாட்டில் விளைந்தது என்று யாருக்குத் தெரியும்? அரிசி டப்பாவில் வண்டு ஓடினால் டப்பாவோடு போகும். வந்து சேர்வதற்கு முந்தைய நாள் எல்லா டப்பாவையும் வெள்ளைத் தட்டில் ஒரு கைப்பிடி கொட்டிப் பாருங்கள்; வண்டு கறுப்பாக நகர்வது உடனே தெரிந்துவிடும்.

சொன்னதற்கு அபராதம் கிடையாது. சொல்லாமல் விட்டதற்கு அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். அநேகமாக மாட்டுவது திருட்டுத்தனத்தால் அல்ல, மறதியால்: படகைக் கைவிட நேர்ந்தால் தூக்கிக்கொண்டு ஓட வைத்திருக்கும் அவசரப் பைக்குள் முந்திரி, உலர் திராட்சை, மழைக்கோட்டின் பையில் பாதி ஆப்பிள், டிங்கியின் பெட்டியில் தூண்டிலுக்கு வைத்த இரை. சந்தேகம் வந்தால் ‘ஆம்’ என்ற கட்டத்தையே குறியுங்கள்.

கொண்டுவருவதைக் குறைக்க வழி, ஏற்றும்போதே எண்ணி ஏற்றுவது. மணிக்கு 5.5 கடல் மைல் வேகம் என்றால் நாளுக்கு 132. 1,100 கடல் மைலுக்கு எட்டரை நாளுக்குச் சற்றுக் குறைவு. பன்னிரண்டு நாளுக்குப் பச்சைப் பொருள் போதும். அதற்கு மேல் டின் உணவாக, சீல் பிரிக்காததாக இருக்கட்டும். கடைசி இரண்டு நாள் மிஞ்சியதைச் சமைத்துத் தீர்க்கலாம். உணவுக் கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் கடலில் போடலாம். பிளாஸ்டிக்கை எங்கேயும் போடக் கூடாது. அந்த 12 கடல் மைலைத் தாண்டி உள்ளே வந்தபின் வெங்காயத் தோல்கூடப் படகிலேயே இருக்கட்டும். முட்டை அட்டை, இறைச்சி சுற்றி வந்த பிளாஸ்டிக் எல்லாம் தனியாக மூடிய பையில் வைத்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

உணவைத் தவிர நினைவில் வைக்க வேண்டியவை: மலையேறிய செருப்பில், சைக்கிள் டயரில், கூடார ஆணியில் ஒட்டிய மண். பல்துலக்கி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். ஓலைக்கூடை, மரச்சிற்பம், சிப்பி மாலை எல்லாம் காட்ட வேண்டும். மரத்தில் மாவுபோலத் தூள் கொட்டினால் உள்ளே துளைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். ஃபிஜிக் கிராமத்தில் மரியாதையாகக் கொடுத்த திமிங்கிலப் பல், அந்த ஊர்ப் பேச்சில் தம்புவா, அழியும் உயிரின வர்த்தக ஒப்பந்தத்தின்கீழ் வருவது. ஏற்றுமதி, இறக்குமதி அனுமதி இல்லாமல் அது உங்களோடு உள்ளே வராது. பவளம், ஆமை ஓடு, ராட்சதச் சிப்பிக்கும் இதே கதைதான்.

உள்ளே வரும் வழி

பே ஆஃப் ஐலண்ட்ஸின் கிழக்கு மூலையில் கேப் பிரெட், மேற்கில் நைன்பின் என்ற ஒற்றைப் பாறை. கேப் பிரெட்டில் கலங்கரை விளக்கு உண்டு. அங்கிருந்து ஓப்புவாவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம். நாட்டின் கடல் எல்லைக்குள் வந்ததும் வலப்பக்கம் மஞ்சள் கியூ கொடியை ஏற்றுங்கள்; சோதனைக்குக் காத்திருக்கிறோம் என்பதற்கு அதுதான் அடையாளம். ரஸ்ஸல் ஊரைத் தாண்டி வெரோனிக்கா கால்வாய்க்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்கலாம். ஓப்புவாவுக்கும் எதிர்க்கரை ஓக்கியாட்டோவுக்கும் நடுவே கார்களை ஏற்றும் ஃபெர்ரி குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மூக்குக்கு முன்னால் புகுந்து போகாமல் பின்னால் சுற்றிப் போங்கள்.

தனிமைப்படுத்தல் மேடை, படகுக்காரர்கள் பாஷையில் கியூ டாக், மரீனாவின் அலைதடுப்போடு சேர்ந்த நீண்ட மிதவை. கரையோடு அதற்குத் தொடர்பே இல்லை, நடந்து போக முடியாது; அதுதான் அதன் நோக்கமே. அங்கே ஓதத்தின் ஓட்டம் மிதவையை ஒட்டியே இழுக்கும். எட்டு நாள் தூக்கம் கெட்டவர்கள் ஓட்டம் போகும் திசையிலேயே வந்து, நிறுத்த முடியாமல் முன்னால் நிற்கும் படகில் இடிப்பது ஒவ்வொரு பருவத்திலும் நடப்பது. மிதவையின் கட்டைகளைச் சுற்றித் தண்ணீர் எந்தப் பக்கம் சுழித்துப் போகிறது என்று முதலில் ஒரு சுற்று வந்து பாருங்கள். பிறகு ஓட்டத்தை எதிர்த்தபடி ஒட்டுங்கள். தடுப்பு மிதவைகளும் கயிறும் வெளியிலேயே கட்டித் தயாராக இருக்கட்டும்.

இருட்டில் வந்து சேர்ந்தாலும் கட்டிக்கொண்டு தூங்கலாம். அலுவலர்கள் பகலில்தான் வருவார்கள். கயிறு கட்டுவதற்காக மிதவையில் இறங்கலாம், அதற்கு மேல் உலாவக் கூடாது. பக்கத்துப் படகுக்காரர் வழியில் பழகியவராகவே இருப்பார். அவர் உங்கள் படகில் ஏறுவதும், பியர் கேன் கைமாறுவதும் சோதனை முடிந்த பிறகுதான்.

சோதனையும் சுங்கமும்

முதலில் எம்.பி.ஐ. சாப்பாட்டைப் பார்த்து, பையைக் கட்டி, அடிப்பாகக் கோப்பைப் புரட்டி, தேவைப்பட்டால் நீண்ட கம்பின் முனையில் கேமராவைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பார்கள். நாயும் வரலாம். உங்கள் நாயோ பூனையோ படகில் இருந்தால் அதை முன்பே தெரிவித்திருக்க வேண்டும், அது கரையில் கால் வைக்க முடியாது.

அதன் பிறகு சுங்க அலுவலர். குடியேற்ற முத்திரையையும் இவரே பார்த்துக்கொள்வார். 17 வயது நிரம்பிய ஒருவருக்கு வரியில்லாமல் 4.5 லிட்டர் ஒயின் அல்லது பியர், 1,125 மில்லி லிட்டருக்கு மிகாத மூன்று பாட்டில் மதுவகை, 50 சிகரெட். 4.5 லிட்டர் என்பது வழக்கமான ஒயின் பாட்டில் ஆறு. ஃபிஜியில் மலிவு என்று சிகரெட் பெட்டி பெட்டியாக ஏற்றியவர்கள் வருத்தப்படுவார்கள்: புகையிலை வரி அங்கே தலை சுற்றும் அளவு. 10,000 நியூசிலாந்து டாலருக்குச் சமமான அல்லது மேற்பட்ட ரொக்கம் இருந்தால், எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும், எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுவருவது தவறல்ல, சொல்லாததுதான் தவறு.

மருந்துப் பெட்டியில் கவனம். டாக்டர் சீட்டோடு வாங்கிய மருந்து மூன்று மாத அளவுக்கு மேல் கூடாது. மார்ஃபின், டிரமடால் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகள் ஒரு மாத அளவு. நீண்ட பயணத்துக்கான கப்பல் மருந்துப்பெட்டி என்றாலும் பட்டியலும் சீட்டும் வைத்து முதலிலேயே காட்டுங்கள். துப்பாக்கி இருந்தால் போலீஸ் அனுமதி இல்லாமல் உள்ளே வராது. 2018-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி, தகுந்த சந்தேகம் இருந்தால் போன், லேப்டாப்பைத் திறக்கச் சொல்லலாம். மறுத்தால் 5,000 டாலர் வரை அபராதம். சாதாரணப் படகோட்டியிடம் இது வருவது அபூர்வம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கேள்விக்குக் கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். ‘எங்கெங்கே போனீர்கள்?’ என்றால் துறைமுகங்களின் பெயர். கடல்பயணக் காவியம் வேண்டாம், அடுத்து மூன்று படகு காத்திருக்கிறது.

படகுக்கு ஒரு விசா

படகும் ஒரு இறக்குமதிப் பொருள்தான். வெளிநாட்டில் குடியிருப்பவரின் படகுக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி கொடுப்பார்கள். அதைப் படகோட்டிகள் ‘டி.ஐ.இ.’ என்பார்கள். அதிகபட்சம் 24 மாதம். அதுவரை 15 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை. அங்கேயே குடியிருப்பவரோ அங்கே குடியேறப்போகிறவரோ கொண்டுவந்தால் இந்தச் சலுகை கிடையாது, மதிப்பீடு செய்து வரி போடுவார்கள். சலுகையில் இருக்கும் படகை அங்கேயே விற்றாலும் அப்படியே.

இந்தத் தாளின் தேதியும் உங்கள் பாஸ்போர்ட்டில் அடித்த தேதியும் ஒன்றல்ல. படகுக்கு இரண்டு வருடம், ஆளுக்கு ஆறு மாதம் என்று இருக்கலாம். படகை யார்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வருபவர்கள் இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

டி.ஐ.இ. தாளின் நகலை போனில் வைத்துக்கொள்ளுங்கள். படகில் செய்யும் பழுதுவேலைக்கு, அந்தத் தாளைக் காட்டினால், யார்டுகள் ஜி.எஸ்.டி. சேர்க்காமல் பில் போட முடியும். பில் போட்ட பிறகு காட்டினால் எரிச்சலோடுதான் திருத்துவார்கள். வேலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும். 10,000 டாலர் வேலையில் 1,500 டாலர் சும்மா இல்லை.

மஞ்சள் கொடி இறங்கிய பிறகு

அனுமதி கிடைத்ததும் மஞ்சளை இறக்கி நியூசிலாந்துக் கொடியை ஏற்றுங்கள். உடனே கியூ டாக்கைக் காலி செய்யுங்கள். பின்னால் வருபவர்களுக்கு இடம் வேண்டும்.

நேரே ஒரு குடாவில் போய் நங்கூரம் போடும் முன்பு கௌலர்ப்பா வரைபடத்தைப் பாருங்கள். 2023-இல் அந்தப் பாசி கிடைத்த தே ராவிட்டி பகுதியில் நங்கூரம் போடக் கட்டுப்பாடு உண்டு. எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய வரைபடத்தை மரீனா அலுவலகத்தில் கேட்பதே சரி. எங்கே நங்கூரம் தூக்கினாலும் சங்கிலியில் பச்சை இழை தொங்குகிறதா என்று பார்த்து, தொங்கினால் தண்ணீரில் எறியாமல் ஒரு பையில் போட்டுக் குப்பைக்குக் கொண்டுபோங்கள். நார்த்லாந்துப் பகுதிக்குள் ஊர் விட்டு ஊர் போகும் படகுகளுக்கும் அடிப்பாக விதி இருக்கிறது: பாசிப் படலத்துக்கு மேல் வளர்ந்தவை 5 சதவீதப் பரப்பைத் தாண்டக் கூடாது. ஓப்புவாவில் பளபளவென்று வந்த படகு, ஐந்து மாதம் அதே மரீனாவில் நின்றபின் தெற்கே போகக் கிளம்பும்போது இதில்தான் மாட்டும்.

ஏப்ரல், மே மாதத்தில் திரும்ப வடக்கே கிளம்பும்போதும் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்து வெளியேற்றச் சான்றிதழ் வாங்க வேண்டும். டி.ஐ.இ. கணக்கு முடிவதும் அதோடுதான். அந்தத் தாள் இல்லாமல் ஃபிஜியிலோ டோங்காவிலோ போய் நின்றால், இதே கேள்விகள் அங்கே ஆரம்பிக்கும்.